வெளியாட்கள் பட்டியல்

அத்தியாயம் பதினான்கு

சென்ற வாரம் மூவாயிரம் முட்டைகள் வீணாய்ப் போனதைப் பற்றிப் கோழிக்குஞ்சுப் பொரிப்பகத்தில் இன்னும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நடந்தது இவ்வளவுதான். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே வேலையை விட்டுப் போன ஒரு மெக்கானிக்கின் கைப்பேசியில் இங்குள்ள இயந்திரங்களின் பாஸ்வேர்டு அப்படியே இருந்தது. அவர் வீட்டுக் குழந்தை அதை எடுத்து விளையாடியது. அறுபது கிலோமீட்டர் தள்ளி, இங்கே இரண்டாம் இயந்திரத்தின் விசிறி நின்றது. குழந்தையைக் குறை சொல்ல முடியாது. மெக்கானிக்கையும் சொல்ல முடியாது. அந்தப் பொது பாஸ்வேர்டு ஜெனரேட்டர் அறைச் சுவரில் சுண்ணக்கட்டியால் எழுதப்பட்டு, வந்தவர் போனவர் எல்லோருக்கும் காட்சி தந்துகொண்டிருந்தது.

செய்தி கேட்டதும் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தாள் பொரிப்பகத்தின் உரிமையாளரான பெரியவரின் மகள். ஒரு நிறுவனத்தின் கணினிகளுக்குள் வேண்டாதவர் நுழையாமல் காப்பது அவளுடைய உத்தியோகம். வந்த அன்றே ஈரத்துணியால் சுவரைத் துடைத்தாள். இனி ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு, தனிப் பாஸ்வேர்டு. வெளியிலிருந்து பார்க்க வேண்டியவர்களுக்கு வேலைக்குத் தக்க அனுமதி, அந்த அனுமதிக்கும் ஒரு கெடு என்று சட்டம் போட்டாள். கால்நடை மருத்துவர் எல்லாவற்றையும் பார்க்கலாம். எதையும் தொடக் கூடாது. புதிய மெக்கானிக் தொடலாம். அதுவும் பழுது பார்க்கும் இரண்டு மணி நேரம் மட்டும். குஞ்சு வாங்குகிறவர் பொரிக்கும் நாளில் மட்டும் வெப்பநிலையைப் பார்த்துக்கொள்ளலாம்.

"நம்ம வீட்டு வாசல்லகூட இத்தனை பூட்டு இல்லையேம்மா" என்றார் பெரியவர்.

"வாசல்ல வர்றவங்க மூஞ்சி தெரியும்ப்பா. இதுல தெரியாது."

மூவாயிரம் முட்டைகள் பெரியவர் வாயை அடைத்திருந்தன.

இன்று வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை அடுக்கிய முட்டைகளைப் பதினெட்டாம் நாளான வெள்ளிக்கிழமையன்று பொரிப்புப் பெட்டிக்கு மாற்றுவது இந்த இடத்தின் முப்பது ஆண்டு ஒழுங்கு. அதுவரை மணிக்கொரு முறை புரண்டு கொடுத்த முட்டைகள் இனி அசையக் கூடாது. ஈரத்தைக் கூட்ட வேண்டும். ஈரம் போதாவிட்டால் ஓட்டின் உட்தோல் காய்ந்து குஞ்சின் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். அலகை வெளியே நீட்டிவிட்ட குஞ்சுகூட அதற்கு மேல் வர முடியாமல் அங்கேயே சாகும். ஒன்பதாயிரத்து அறுநூறு முட்டைகள் காலை பத்து மணிக்குள் இடம் மாறிவிட்டன. சென்ற வாரத்து இழப்புக்குப் பிறகு இதுவும் போனால் பொரிப்பகத்தின் கதவைச் சாத்த வேண்டியதுதான் என்பதை முட்டை அடுக்கும் பெண்களும் அறிந்திருந்தார்கள். இன்று ஒருத்தியும் பாட்டு முணுமுணுக்கவில்லை.

"அண்ணி, ஒரு முட்டைகூட உடையல" என்று அவர்களில் மூத்தவள் வந்து சொன்னாள்.

ஓட்டுநர் முதல் கூட்டுகிறவள் வரை அங்கே எல்லோருக்கும் பெரியவரின் மனைவி அண்ணிதான். முதன்முதலில் அப்படி அழைத்தவர் ஒருவர். மற்றவர்கள் அவர் வாயிலிருந்து கேட்டுப் பழகியவர்கள். அந்த ஒருவர், அவள் கணவரின் தம்பியான சின்னவர், மூன்று ஆண்டுகளாக இந்த வாசலை மிதிப்பதில்லை.

காரணத்தைத் தொடக்கத்திலிருந்து படித்து வருகிறவர்கள் அறிவார்கள். மற்றவர்களுக்காகச் சுருக்கமாக: சின்னவருடைய காவல் முறையின்போது மின்சாரம் நின்றது. சின்னவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். ஒரு பெட்டி முட்டை முழுவதும் போயிற்று. பெரியவர் அவரை வேலையாட்களின் முன்னால் நிறுத்தி, "இன்னையிலேருந்து நீ இந்த இடத்துக்கு வெளியாள்" என்றார். சொன்ன சொல்லைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் பழக்கம் பெரியவருக்கு இல்லை. கேட்ட சொல்லை மறக்கும் பழக்கம் சின்னவருக்கும் இல்லை.

அன்று வந்தது தூக்கமன்று, சிறுநீரகம் பழுதாகத் தொடங்கிய அயர்ச்சி என்பது ஓராண்டு கழித்துத்தான் தெரிந்தது. அதுவும் அண்ணிக்கு மட்டும். அண்ணனிடம் சொல்லக் கூடாது, இரக்கப்பட்டுக் கூப்பிட்டால் வர மாட்டேன் என்று சின்னவர் அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் காலை ஒன்பது முதல் ஒரு மணி வரை, ரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தோடு ஒரு கையைப் பிணைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடப்பார். "இன்னொரு கை சும்மாதான் இருக்கு அண்ணி. அதுக்கு ஏதாவது வேலை போட்டுக் குடுங்க" என்றார் ஒரு நாள், சிரித்துக்கொண்டே.

சுவரிலிருந்த பொது பாஸ்வேர்டால் இயந்திரங்களை ஓட்டவும் நிறுத்தவும்தான் முடியும்; வெப்பத்தையும் ஈரத்தையும் மாற்றும் உரிமை பெரியவருக்கும் அண்ணிக்கும் மட்டுமே தனித்தனிக் கணக்காக இருந்தது. வெளியிலிருக்கும் ஒருவரை முறைப்படி சேர்க்கவும் அதில் வழி இருந்தது. அண்ணி அந்தப் பக்கத்தைத் திறந்தும் பார்த்தாள். உச்சியில் 'வெளியாட்கள்' என்று எழுதியிருந்தது. அதன் கீழே அவர் பெயரை எழுத அவள் விரல் எழவில்லை. பக்கத்தை மூடிவிட்டு, தன் பாஸ்வேர்டையே அவருக்குக் கொடுத்தாள்.

அன்று முதல் பொரிப்புப் பெட்டியின் ஈரத்தை அவர்தான் சரிசெய்து வந்தார். அந்தப் பெட்டிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ஈரத்தை அளக்கும் கருவி இருக்கும் இடது மூலையில் காற்று சுற்றாமல் தேங்கி நிற்கும். அதனால் கருவி, உள்ளே இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். கருவியை இரண்டு முறை மாற்றியாயிற்று. புதிதும் போய் அந்த மூலையில் உட்கார்ந்ததும் பொய் சொல்லப் பழகிக்கொண்டது. எவ்வளவு பொய் என்பதும் ஒரே அளவில்லை. மழை நாளில் ஐந்து, வறண்ட காற்றடிக்கும் நாளில் பதினைந்து. ஹீட்டர் எத்தனை நிமிடத்துக்கொரு முறை எரிந்து அணைகிறது என்று பார்த்துக் கணக்குச் சொல்லச் சின்னவர் ஒருவரால்தான் முடியும். எச்சரிக்கை மணியோ கருவி சொல்வதை நம்பும் ஏமாளி; அது அடிக்காது.

மாறிய எண்களைப் பெரியவர் கண்டார். மூலையில் கருவி பொய் சொல்கிறது என்பதை அவர் நம்பியதில்லை; பொரிந்து வந்த குஞ்சுகளை நம்பினார். "இவ கைராசி" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். ஒவ்வொரு முறையும் அண்ணி தலையைக் குனிந்துகொள்வாள். அடக்கம் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

பதினொரு மணிக்கு மகள் அலுவலக அறையிலிருந்து குரல் கொடுத்தாள். எல்லாருடைய பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டதாகச் சொன்னாள்.

"உன் கணக்குல ரெண்டு போன் உள்ள இருந்துச்சும்மா. ஒண்ணு உன்னுது. இன்னொண்ணு யாருதுன்னு தெரியல. வெளிய தள்ளிட்டேன்."

அண்ணியின் கையிலிருந்த முட்டைத் தட்டு காலியாக இருந்தது நல்லதாயிற்று.

பத்து நிமிடத்தில் அவள் கைப்பேசி அதிர்ந்தது. சின்னவர்தான். "அண்ணி, கதவு சாத்தியிருக்கே. நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா?"

இல்லை என்று எழுதினாள். பிறகு சொல்கிறேன் என்று எழுதினாள். பிறகு என்றால் எப்போது என்று அவளுக்கே தெரியவில்லை. பொரிப்புப் பெட்டியின் முன்னால் போய் நின்றாள். ஈரம் எழுபது என்று திரை காட்டியது. எழுபதுதான் இருக்க வேண்டிய அளவு. வெளியே காற்று வறண்டு வீசிக்கொண்டிருந்தது. எழுபது என்றால் உண்மையில் எவ்வளவு? அறுபதா, ஐம்பத்தைந்தா? ஹீட்டர் விளக்கு எரிந்தது, அணைந்தது, எரிந்தது. அண்ணி நிமிடங்களை எண்ணிப் பார்த்தாள். எண்ண முடிந்தது; அதிலிருந்து ஒன்றும் படிக்க முடியவில்லை.

ஒன்றரை மணிக்குச் சின்னவரை அழைத்தாள். மணி முழுவதும் அடித்து ஓய்ந்தது. மறுபடி அழைத்தாள். சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகும் நேரம், பேருந்தில் இருப்பார் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். இரண்டு மணிக்கு அந்தச் சமாதானமும் தீர்ந்து போயிற்று. அலுவலக அறைக்குள் சென்று கதவைச் சாத்திவிட்டு, மகளிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

மகள் குறுக்கிடாமல் கேட்டாள். அவள் முகத்தில் முதலில் வந்தது கோபம்.

"ஏம்மா, பாஸ்வேர்டைக் குடுக்கறதும் உன் கையெழுத்தைக் குடுக்கறதும் ஒண்ணும்மா. அவர் போன் தொலைஞ்சிருந்தா? அந்த மெக்கானிக் வீட்ல நடந்ததுதானே இங்கயும் நடந்திருக்கும்? சித்தப்பாவுக்குன்னு தனியா ஒண்ணு போட்டிருக்கலாமே. அதுக்குத்தானே அந்தப் பட்டியலே இருக்கு."

"அந்தப் பேர்ல சேக்க மனசு வரலடி."

மகள் முகத்தில் கோபம் போன இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. "சித்தப்பாவுக்கு இவ்வளவு முடியலைன்னு எனக்குக்கூடச் சொல்லலியே" என்றாள். பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "சரி, உக்காரு. முறையாச் செய்வோம். அவருக்கு அழைப்பு அனுப்புவோம். அவர் ஏத்துக்கிட்டு, தனக்குன்னு ஒரு பாஸ்வேர்டு போட்டுக்கட்டும். செய்யறது அவர் பேர்லயே பதிவாகும்."

படிவம் திறந்தது. பெயர். உறவு. பார்க்க மட்டுமா, மாற்றவுமா. ஒவ்வொன்றாய் மகள் நிரப்பினாள். கடைசிக் கட்டத்தில் நின்றாள்.

"முடியற நாள் கேக்குதும்மா. எதுவரைக்கும்னு."

"காலியா விட்டுடு."

"விட முடியாது. வெளியாள்னா நாள் போட்டே ஆகணும். அதிகபட்சம் ஒரு வருஷம்."

போன ஞாயிற்றுக்கிழமை சின்னவர் தொலைபேசியில் சொன்னது அண்ணியின் காதில் மறுபடி ஒலித்தது. 'அடுத்த வருஷக் காலண்டருக்கு அவசரப்பட்டுச் சொல்லி வெக்காதீங்கன்னு டாக்டரே சொல்லிட்டார் அண்ணி, ஒரு செலவு மிச்சம்.' அப்போது அவளும் அவரோடு சேர்ந்து சிரித்துத் தொலைத்தாள். இப்போது அந்தக் கட்டத்துக்குள் ஒரு சின்னக் கோடு மட்டும் மின்னி மின்னிக் காத்திருந்தது. ஒரு வருஷம் என்று போட்டால் அது பொய். குறைத்துப் போட்டால் அதைப் போட்ட கை அவளுடையது.

கதவைத் தட்டாமல் பெரியவர் உள்ளே வந்தார்.

"என்ன, இன்னைக்கு உன் கை சும்மா இருக்கு? முட்டையை மாத்தி நாலு மணி நேரமாச்சு, எண்ணு எழுபதுலயே நிக்குது. வழக்கமா இந்நேரம் ஏத்தியிருப்பியே" என்று கேட்டுக்கொண்டே, மேசை மேல் மகள் அச்செடுத்து வைத்திருந்த பதிவேட்டைப் பார்த்தார். யார், எந்த நாள், எந்த நேரத்தில் எதை மாற்றினார்கள் என்று இயந்திரம் தானே எழுதி வைக்கும் கணக்கு அது. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலை வைத்துப் படித்தார். பக்கம் பக்கமாக மனைவியின் பெயர். அவர் முகத்தில் முதலில் பெருமை இருந்தது. மூன்றாம் பக்கத்தில் அது நின்றுவிட்டது.

"திங்கள், புதன், வெள்ளி. ஒன்பதுலேருந்து ஒண்ணு வரைக்கும்" என்றார். "வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு நீ என் பக்கத்துல நின்னு முட்டை எண்ணுவ. இது எப்படி உன் பேர்ல இருக்கு?"

அண்ணி சொன்னாள். எழுந்து நின்று சொன்னாள். பாஸ்வேர்டைக் கொடுத்ததைச் சொன்னாள். மூலை சொல்லும் பொய்யைச் சொன்னாள். கைராசி தன்னுடையதில்லை என்று சொன்னாள். அந்த மூன்று நாட்களில் சின்னவர் எங்கே படுத்திருக்கிறார் என்பதையும், நாற்காலியில் வந்தது என்ன தூக்கம் என்பதையும் சத்தியத்தை மீறிச் சொன்னாள்.

பெரியவர் கத்துவார் என்று தாயும் மகளும் காத்திருந்தார்கள். அவர் பதிவேட்டைப் பழைய மடிப்பிலேயே மடித்து மேசையில் வைத்தார். மேசையின் ஓரத்தோடு அதை ஒழுங்காக நகர்த்தி நிறுத்தினார். அதற்கே வெகு நேரம் ஆயிற்று.

"இது என்ன கட்டம், காலியா இருக்கு?" என்றார் திரையைக் காட்டி.

"அனுமதி முடியற நாள்ப்பா."

"உங்கம்மாவுக்கு எந்த நாள் போட்டிருக்க?"

"அம்மா உரிமையாளர். உரிமையாளருக்கு நாள் கிடையாது."

"அப்ப அவனை அதுல போடு."

மகள் தயங்கினாள். தொழில் அவளை விடவில்லை. "உரிமையாளர்னா எல்லாமே அவர் கையிலப்பா. நினைச்சா உங்களையே வெளிய தள்ளலாம்."

"தள்ளட்டும்" என்றார் பெரியவர். "நான் தள்ளலையா?"

இரண்டே முக்காலுக்கு அழைப்பு போயிற்று. ஆறு மணிக்குள் ஏற்றுக்கொள்ளாவிட்டால் அது தானே செத்துவிடும் என்றாள் மகள்; பிறகு அந்த வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். திரையில் சின்னவர் பெயருக்குப் பக்கத்தில் 'காத்திருக்கிறது' என்று இருந்தது.

மூன்று பேரும் காத்திருந்தார்கள். பெரியவர் எழுந்து போய்ப் பொரிப்புப் பெட்டியின் இடது மூலையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு வந்தார். இரண்டு முறை போனார். மூன்றாம் முறை போனவர் அங்கேயே நின்றுவிட்டார். அண்ணி நான்கு முறை அழைத்தாள்; எடுப்பாரில்லை.

ஐந்துக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது திரையில் சொல் மாறியது. 'ஏற்கப்பட்டது.' சின்னவர் பெயருக்கு முன்னால் ஒரு பச்சைப் புள்ளி எரிந்தது.

"வந்துட்டார்ப்பா" என்றாள் மகள். பெரியவர் ஓட்டமும் நடையுமாக வந்தார். இனி ஈரத்தின் எண் ஏறும் என்று மூவரும் அதையே பார்த்தார்கள். அவர் உள்ளே வந்தால் முதலில் செய்கிற வேலை அதுதான்.

எண் எழுபதிலேயே நின்றது. ஒரு நிமிடம் போயிற்று. இன்னொரு நிமிடமும் போயிற்று.

கைப்பேசி அடித்தது. சின்னவருடைய எண், பேசியது ஒரு பெண்.

"நீங்க அண்ணிங்களா? நான் ஆஸ்பத்திரி நர்ஸ் பேசறேன். போன்ல அண்ணின்னுதான் போட்டிருக்கார், பேர் தெரியல." ரத்தம் சுத்தம் செய்துகொண்டிருக்கும்போதே அழுத்தம் விழுந்துவிட்டதாகவும், பன்னிரண்டு மணியிலிருந்து நினைவு வருவதும் போவதுமாக இருப்பதாகவும் அவள் சொன்னாள். காலையில் வெகு நேரம் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தாராம். போதும், கண்ணை மூடுங்கள் என்று அவள் அதட்டிய பிறகுதான் கீழே வைத்தாராம். "இப்ப கொஞ்சம் முழிச்சார். போனைக் காட்டச் சொன்னார். விரல் நிக்கல, நான்தான் பிடிச்சு வெச்சு அமுக்கினேன். அதையே உத்துப் பாத்துட்டு, உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னார். எனக்குப் புரியல. 'இன்னைக்குப் பதிமூணு'ன்னார். அவ்வளவுதான். சொந்தக்காரங்க யாராவது வந்தா நல்லது. சீக்கிரம் வாங்க."

ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்த பெரியவர், கொக்கியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்தார். பொத்தான்களைத் துளை மாற்றிப் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு பொரிப்பிலும் கடைசி மூன்று நாட்களில் அவர் பொரிப்பகத்தை விட்டு வெளியே போனதில்லை; மகள் பிறந்தபோதுகூடப் போகவில்லை. அந்தக் குறையை அண்ணி இருபத்தாறு ஆண்டுகளாகச் சொல்லிக் காட்டி வந்திருக்கிறாள்.

"நீயும் வா" என்றார்.

"யாராவது இருக்கணும்ல. நீங்க போங்க."

வாசற்படியில் அவர் நின்றார். "அவன்கிட்ட நான் என்னன்னு பேசறது?"

அண்ணி அருகே போய், மாறிப் போட்டிருந்த பொத்தான்களை அவிழ்த்துச் சரியாகப் போட்டுவிட்டாள். "ஒண்ணும் பேச வேண்டாம். பக்கத்துல போய் உக்காருங்க."

மகள் வண்டியைக் கிளப்பினாள். சத்தம் தேய்ந்து மறைந்த பிறகு அண்ணி அலுவலக அறைக்குத் திரும்பி, திரையின் முன்னால் உட்கார்ந்தாள். எழுபதோடு பதின்மூன்று. எண்பத்து மூன்று என்று தன் விரலாலேயே ஏற்றினாள். பக்கத்து அறையில் நீர் தெளிக்கும் குழாய் சீறியது. பதிவேட்டில் புது வரி விழுந்தது: அவள் பெயர், இன்றைய தேதி, ஐந்து மணி பதினோரு நிமிடம். இரண்டு ஆண்டுகளாக அவள் பெயரில் ஏறியிருந்த வரிகளில் அவளே எழுதியது அது ஒன்றுதான்.

அந்த வரிக்கு மேலே சின்னவர் பெயர் இருந்தது. முடியும் நாள் கேட்கும் கட்டம் அதற்கு இல்லை. பெயருக்கு முன்னால் பச்சைப் புள்ளி இன்னும் எரிந்துகொண்டிருந்தது. இந்த எண் ஏறியதை அவர் அங்கே பார்த்துக்கொண்டிருக்கிறாரா, அல்லது மூடிய கண்களுக்கு முன்னால் நர்ஸின் கையில் கைப்பேசி மட்டும் விழித்திருக்கிறதா என்று புள்ளி சொல்லவில்லை.

வண்டி போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆகும். அண்ணி நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.